துளை சின்னது, அறுவை பெரியது

எடையைக் குறைக்க ஆபரேஷன் வரை போகத் துணிந்தவர்கள் ஹைதராபாதில் கேட்கும் முதல் கேள்வி, “ஓப்பனா, லேப்ராஸ்கோப்பியா?” (வயிற்றைத் திறந்து செய்வதா, சின்னத் துளைகள் வழியே செய்வதா?) அதற்குப் பதில் எப்போதோ கிடைத்துவிட்டது. உயிரோடு சம்பந்தப்பட்ட மற்ற கேள்விகளைத்தான் யாரும் கேட்பதில்லை.

காலை ஏழரை மணி. தியேட்டரில் மேஜை வழக்கத்தைவிட அகலமாக இருக்கிறது. நோயாளியை நேராகப் படுக்க வைக்கவில்லை. தோளுக்கும் தலைக்கும் அடியில் போர்வைகளை மடித்து அடுக்குகிறார்கள். காதுத் துளையும் நெஞ்செலும்பின் மேல்குழியும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை அடுக்கு உயர்கிறது. நூற்றிருபது கிலோ உடம்பு மல்லாந்து படுத்தால், வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். நுரையீரலில் காற்றுக்கான இடம் சுருங்கும். மயக்க மருந்து ஏறி, தொண்டைக்குள் குழாய் இறங்கும் அந்த இடைவெளியில் ஒல்லியானவருக்குப் பல நிமிடம் தாங்கும் ஆக்சிஜன் கையிருப்பு, இவருக்கு இரண்டு மூன்று நிமிடத்தில் தீர்ந்துபோகலாம். மயக்க மருந்து நிபுணரின் கண் மானிட்டரை விட்டு அகலவில்லை.

அறுவை நிபுணர் இன்னும் கையைக் கழுவிக்கொண்டிருக்கிறார். கத்தி தோலைத் தொடவே இல்லை. ஆனால், அந்த நாளின் ஆபத்தான நிமிடங்களில் சில அதற்குள் கடந்துவிட்டன.

எடைக் குறைப்புக்கான பேரியாட்ரிக் அறுவை நடக்கும் எந்த நல்ல தியேட்டரிலும் காலையில் காணக் கிடைக்கும் காட்சிதான் இது. வெளியே நாற்காலிகளில் காத்திருக்கும் குடும்பத்தின் பேச்சோ வேறு: எத்தனை துளை போடுவார்கள், தழும்பு தெரியுமா, எத்தனை நாளில் வீட்டுக்கு விடுவார்கள், ஆபீஸுக்கு எப்போது போகலாம்?

கேட்கக்கூடிய கேள்விகள்தான். ஆனால், தோலின் மேல் தெரியும் துளையை வைத்து உள்ளே நடப்பதை அளந்துவிடுகிறோம். விபரீதம் அங்கேதான் தொடங்குகிறது.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று (2019-21) சொல்லும் கணக்கு இது. நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 24 சதவிகிதம் பேர் கூடுதல் எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். தெலங்கானாவில் இது 30 சதவிகிதம். தமிழ்நாட்டில் 40 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டது. ஆண்களிலும் தமிழ்நாட்டின் கணக்கு 37 சதவிகிதம், தெலங்கானாவில் 32. ஹைதராபாதில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு கணக்கும் பொருந்தும்.

இந்தச் சங்கடத்தைத் திரையும் தொட்டிருக்கிறது. 2015-ல் அனுஷ்கா எடையைக் கூட்டி நடித்த ‘இஞ்சி இடுப்பழகி’, தெலுங்கில் ‘சைஸ் ஜீரோ’ என்ற பெயரில் வெளிவந்தது. எடைக் குறைப்பு கிளினிக்குகளின் அதிரடி வாக்குறுதிகளைக் கேள்வி கேட்ட கதை அது. அதே ஆண்டு ஜூன் 6-ம் தேதி, தெலுங்கு ரசிகர்களின் அபிமான நடிகையும் தமிழில் ‘பம்பரக் கண்ணாலே’ படத்தில் நடித்தவருமான ஆர்த்தி அகர்வால் அமெரிக்காவில் 31 வயதில் இறந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்பு அவர் லைபோசக்‌ஷன் செய்துகொண்டிருந்தார் எனச் செய்திகள் வந்தன. ‘கொழுப்பு ஆபரேஷன்’ என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் சேர்த்துப் பேசும் பழக்கம் நம்மிடம் உண்டு. லைபோசக்‌ஷன் என்பது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பை உறிஞ்சி எடுப்பது. உடலுக்கு வடிவம் கொடுக்கும் சிகிச்சை. பேரியாட்ரிக் அறுவை இரைப்பையிலும் குடலிலும் கை வைத்து, பசியையும் சர்க்கரையையும் மாற்றுவது. இரண்டும் வேறு வேறு.

அரசியல்வாதிகளும் பேரியாட்ரிக் அறுவை செய்துகொண்டார்கள். 2011-ல் நிதின் கட்கரி, 2014 செப்டம்பரில் மத்திய நிதியமைச்சராக இருந்தபோதே அருண் ஜேட்லி. நீண்டகால நீரிழிவால் ஏறிய எடைக்காக ஜேட்லிக்கு அறுவை என்று அறிவிக்கப்பட்டதும், ‘அழகுக்காகச் செய்வது’ என்ற எண்ணம் ஓரளவு விலகியது.

உள்ளே என்ன செய்கிறார்கள்?

இன்று அதிகம் நடப்பவை இரண்டு. ஒன்று, ‘ஸ்லீவ்’. வாய் வழியாக 12, 13 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயை இரைப்பைக்குள் இறக்கி, அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு, வெட்டிக்கொண்டே தைக்கும் ஸ்டேப்ளரால் இரைப்பையை நீளவாக்கில் பிரிப்பார்கள். முக்கால் பங்குக்கு மேல் வெளியே வந்துவிடும். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

இன்னொன்று, ‘பைபாஸ்’. இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, சிறுகுடலின் ஒரு பகுதியைத் தாண்டி அடுத்த பகுதியோடு இணைப்பது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசனும் சிகாஷி இடோவும் 1966-ல் இதன் ஆரம்ப வடிவத்தைச் செய்தபோது வயிற்றைத் திறந்துதான் செய்தார்கள். வேறு வழி அன்று இல்லை. நெஞ்செலும்புக்குக் கீழே தொடங்கித் தொப்புள் வரை ஒரு கீறல்.

இந்தியாவில் 1990-ல் மும்பையில் தெஹம்டன் உத்வாடியா லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை அகற்றினார். கோவையில் சி.பழனிவேலு போன்றவர்கள் அந்த வித்தையைத் தென்னிந்தியாவில் வளர்த்தெடுத்தார்கள். 1994-ல் ஆலன் விட்குரோவ் குழு, இரைப்பை பைபாஸை லேப்ராஸ்கோப்பியில் செய்துகாட்டியது. அதன்பின் காற்று திசை மாறிவிட்டது. வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை நிரப்பிக் கூடாரம்போல் உயர்த்தி, நான்கைந்து துளைகள் வழியே கேமராவும் நீண்ட கருவிகளும் நுழைகின்றன. வெட்டுவதும் தைப்பதும் இணைப்பதும் அதேதான். வாசல் மட்டும் மாறியது.

✦ பெட்டிச் செய்தி: நேருக்கு நேர்

கலிபோர்னியாவில் நின் நுயென் குழு 155 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து (லேப்ராஸ்கோப்பி 79, ஓப்பன் 76), ஒரே பைபாஸ் அறுவையை இரு வழியிலும் செய்து 2001-ல் முடிவுகளை வெளியிட்டது.

• காயத்தில் சீழ்: ஓப்பனில் 10.5%, துளையில் 1.3%
• ஐ.சி.யூ. தேவைப்பட்டவர்கள்: ஓப்பனில் 21.1%, துளையில் 7.6%
• மருத்துவமனை வாசம்: ஓப்பனில் 4 நாள், துளையில் 3 நாள்
• இணைப்பு சுருங்கி அடைத்துக்கொள்வது: ஓப்பனில் 2.6%, துளையில் 11.4%
• அறுவை நேரம்: துளையில்தான் அதிகம்
• ஓராண்டில் எடைக் குறைவு: ஏறத்தாழ சமம்

கீறல் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

பெட்டியின் கடைசி வரியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். எடை குறைவதில் பெரிய வித்தியாசம் இல்லை. துளையில் செய்தால் கூடுதலாக இளைப்பார்கள் என்றோ, திறந்து செய்தால் ‘முழுசாக’ நடக்கும் என்றோ யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வித்தியாசம் காயத்தில் இருக்கிறது. பருமனான வயிற்றில் தோலுக்கும் தசைச் சுவருக்கும் இடையே கொழுப்பு அடுக்கு கனமாக இருக்கும். கொழுப்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. அங்கே கிருமி குடியேறினால் விரட்டுவது கஷ்டம். சர்க்கரை நோயும் சேர்ந்துவிட்டால் காயம் ஆறுவது இன்னும் இழுக்கும். இத்தனைக்கும் நடுவில் வயிற்றின் எடை, இருமல், எழுந்து உட்காரும் அழுத்தம் எல்லாம் தையலை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் கீறல் வழியே குடல் பிதுங்கும் ‘ஹெர்னியா’ ஓப்பனில் அடிக்கடி வருகிறது. நுயென் குழுவின் நோயாளிகளை மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது ஓப்பன் செய்தவர்களில் 39 சதவிகிதம் பேருக்கு ஹெர்னியா. துளையில் 5 சதவிகிதம். ஐந்தில் இரண்டு பேருக்கு, எடை குறைந்த சந்தோஷத்தோடு இன்னொரு ஆபரேஷனுக்கான காரணமும் வந்து சேர்ந்தது.

இதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு. மேல்வயிற்றில் நீளமான கீறல் இருப்பவர் வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு விடமாட்டார், இருமமாட்டார், நடக்கமாட்டார். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டும். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகி நுரையீரலுக்கு ஏறும் அபாயம் பருமனானவர்களுக்கு ஏற்கெனவே அதிகம். படுக்கையில் கிடந்தால் இன்னும் கூடும். துளையில் செய்தவரை அன்று மாலையே வார்டில் நடக்க வைக்க முடிகிறது.

அமெரிக்காவின் பத்து மையங்களில் 4,776 பேரைக் கவனித்து 2009-ல் வெளியான ‘லேப்ஸ்’ ஆய்வு, 30 நாள்களுக்குள் ஏற்பட்ட மரணங்களைக் கணக்கிட்டது. லேப்ராஸ்கோப்பி பைபாஸில் 0.2 சதவிகிதம். ஓப்பன் பைபாஸில் 2.1. இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு ‘ஓப்பன் பத்து மடங்கு ஆபத்து’ என்று எழுதிவிடலாம், அது நியாயமாகாது. இந்த ஆய்வில் குலுக்கல் இல்லை. யாருக்கு எந்த வழி என்பதை மருத்துவர்களே தீர்மானித்தார்கள். அதிக எடையும் அதிக நோயும் உள்ளவர்கள்தான் பெரும்பாலும் ஓப்பன் பக்கம் போயிருந்தார்கள்.

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். எடைக் குறைப்பு அறுவை ஆயுளைக் கூட்டுகிறது என்பதற்கு உலகம் காட்டும் முக்கியச் சாட்சி, 1987-ல் தொடங்கிய ஸ்வீடன் ஆய்வு. நாலாயிரம் பேரைச் சராசரியாகப் பதினோரு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2007-ல் வந்த முடிவு: அறுவை செய்துகொண்டவர்களிடம் மரண அபாயம் 29 சதவிகிதம் குறைவு. அந்த அறுவைகளில் பெரும்பாலானவை வயிற்றைத் திறந்து செய்தவை. ஆக, பழைய முறை உயிர் காத்த முறைதான். அதை வில்லனாக்க வேண்டியதில்லை.

திறக்க நேர்ந்தால்?

இன்று ஹைதராபாதில் முதல் முறை பேரியாட்ரிக் அறுவைக்குப் போகும் ஒருவரிடம் ஓப்பனைத் தேர்வாக முன்வைக்கும் நிபுணர் அரிது. ஆனாலும், ஓப்பன் ஒழிந்துவிடவில்லை. பலமுறை வயிற்று ஆபரேஷன் ஆகி உள்ளே எல்லாம் ஒட்டிக்கிடப்பவர்கள், முப்பது வருடத்துக்கு முன்பு திறந்து செய்த பழைய அறுவையைச் சரிசெய்ய வருபவர்கள், வாயு நிரப்பும் அழுத்தத்தை இதயமோ நுரையீரலோ தாங்காதவர்கள் ஆகியோருக்கு அது இன்னும் தேவைப்படலாம். எல்லோருக்கும் பொதுவானது இன்னொன்று: துளையில் தொடங்கிய அறுவை, பாதியில் திறந்து முடிய வேண்டிய நிலை. நுயென் குழுவில் 79 பேரில் இருவருக்கு அப்படி ஆனது.

ரத்தக் கசிவு கேமராவை மறைத்துவிட்டால், ஸ்டேப்ளர் சரியாகப் பிடிக்கவில்லை என்றால், கல்லீரல் வீங்கி இரைப்பையின் மேல்முனையே கண்ணில் படவில்லை என்றால், நல்ல நிபுணர் வீம்பு பிடிக்கமாட்டார், திறந்துவிடுவார். அது தோல்வியல்ல. திறக்க மறுப்பதுதான் ஆபத்து.

கொடுமை என்னவென்றால், ‘நாலு துளைதான்’ என்று சொல்லி அனுப்பப்பட்ட குடும்பத்துக்கு, கண்விழித்த நோயாளியின் வயிற்றில் நீளக் கட்டைப் பார்த்ததும் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றுதான் தோன்றும். ‘தேவைப்பட்டால் திறந்து செய்யச் சம்மதம்’ என்ற வரி ஒப்புதல் படிவத்தில் இருந்திருக்கும். அது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், அட்மிஷன் பரபரப்பில் கையெழுத்தான படிவம். அந்த வரியை மருத்துவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும். நோயாளியின் மொழியில் சொல்லவேண்டும். தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் புழங்கும் ஊரில், தமிழ் மட்டும் தெரிந்த அம்மாவை அழைத்துப்போகும் மகன் இதைக் கேட்டு வாங்கியாக வேண்டும்.

திறக்க வேண்டி வருவதைக் குறைக்க நோயாளி கையில் இருப்பது ஒன்றுதான். அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம் மிகக் குறைந்த மாவுச்சத்தும் கலோரியும் கொண்ட உணவு. கொழுப்பேறிய கல்லீரலின் இடதுமடல் இரைப்பையை மூடிக்கொண்டிருக்கும். இந்த இரண்டு வாரத்தில் அது கணிசமாகச் சுருங்கும். கேமராவுக்கு வழி கிடைக்கும். ‘கடைசியாக ஒருமுறை’ என்று ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் பிரியாணி விருந்து வைத்துக்கொள்கிறவர்கள், தங்கள் அறுவை நிபுணரின் பார்வையைத் தாங்களே மறைக்கிறார்கள்.

மூச்சைக் கவனித்த ஊர்

மயக்க மருந்து இல்லாமல் இந்த அறுவை இல்லை. அதன் பாதுகாப்பு பற்றிய பேச்சில் ஹைதராபாதுக்குத் தனி இடம் உண்டு. குளோரோஃபார்ம் கொடுத்தால் சிலர் ஏன் மேஜையிலேயே இறக்கிறார்கள் என்று உலகமே சண்டையிட்ட காலம். மூசி நதிக்கரை அஃப்சல்கஞ்ச் மருத்துவமனையின் எட்வர்ட் லாரி, நிஜாம் மஹ்பூப் அலி கான் ஆதரவில் 1888, 1889-ல் இரண்டு ஆய்வுக் குழுக்களை அமைத்தார். இரண்டாவது குழுவுக்கு ‘லான்செட்’ இதழின் சார்பில் லண்டனிலிருந்து லாடர் பிரன்டன் வர, நிஜாம் 1,000 பவுண்டு கொடுத்தார். நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதித்து அவர்கள் சொன்னது: முதலில் நிற்பது மூச்சுதான், அதைக் கவனியுங்கள். குளோரோஃபார்ம் இதயத்தையும் நேரடியாக நிறுத்தும் என்பது பின்னால் நிரூபணமாகி அந்த முடிவு திருத்தப்பட்டது. ஆனாலும், மூச்சைக் கவனி என்ற பாடம் நிலைத்தது. உலகின் முதல் பெண் மயக்க மருந்து நிபுணர்களில் ஒருவராகக் கருதப்படும் ரூபா பாய் ஃபர்தூன்ஜி உருவானதும் இதே ஊரில்தான்.

அந்த அஃப்சல்கஞ்ச் மருத்துவமனையின் வாரிசுதான் இன்றைய ஒஸ்மானியா பொது மருத்துவமனை. இருநூறு கிலோவைத் தாண்டிய இளைஞருக்கு இலவசமாகப் பேரியாட்ரிக் அறுவை செய்து செய்தியில் இடம்பெற்றது அந்த அரசு மருத்துவமனை.

மயக்க மருந்தின் ஆபத்துக்குத் துளையா திறப்பா என்ற பேதம் கிடையாது. பருமனானவர்களில் பலருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ‘ஸ்லீப் ஆப்னியா’ இருக்கும்; வீட்டில் அதைக் குறட்டை என்று விட்டுவிடுவார்கள். அறுவைக்கு முன் அதைக் கண்டுபிடித்து, சில வாரம் மூச்சு தடைபடாமல் உதவும் ‘சிபாப்’ கருவியில் தூங்க வைத்துப் பழக்க வேண்டும். கண்டுபிடிக்காமல் விட்டால், ஆபரேஷன் நன்றாக முடிந்த இரவில் வலி மருந்தின் மயக்கத்தில் மூச்சு நிற்கலாம். ஐ.சி.யூ., மாற்று மூச்சுக் கருவிகள், கடினமான தொண்டையில் குழாய் செருகத் தெரிந்த கைகள் எல்லாம் அதே கட்டடத்தில் இருக்கவேண்டும்.

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர், சென்னைப் புறநகர் தனியார் மருத்துவமனை ஒன்றில் எடைக் குறைப்பு அறுவைக்குப் போய் உயிரிழந்தார். அரசு விசாரணை நடந்தது. மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. அப்போது தமிழ்நாடு முழுக்க எழுந்த கேள்வி அவசர நிலையைச் சமாளிக்கும் வசதி பற்றியது. எந்த வழியில் அறுவை என்பது அங்கே பிரச்னையே இல்லை.

மறுபக்கம், 2017 பிப்ரவரியில் எகிப்திலிருந்து சரக்கு விமானத்தில் மும்பைக்கு வந்து இறங்கிய இமான் அகமது. எடை சுமார் 500 கிலோ என்றார்கள். அந்த உடலிலும் மார்ச் 7-ம் தேதி லேப்ராஸ்கோப்பியில் ஸ்லீவ் செய்தது முஃப்பசல் லக்டாவாலா குழு. எடையும் வேகமாக இறங்கியது. பிறகு அபுதாபிக்கு மாற்றப்பட்ட அவர், செப்டம்பர் 25-ம் தேதி அங்கே இறந்தார். ‘இவ்வளவு எடைக்குத் துளை சாத்தியமா?’ என்ற சந்தேகத்துக்கு அந்த அறுவை பதில் சொன்னது. இதயம், சிறுநீரகம், பல ஆண்டுப் படுக்கை வாழ்வு ஆகியவற்றின் பாரத்தை எந்த அறுவையும் ஒரே நாளில் இறக்கிவிடாது என்பதையும் சேர்த்தே சொன்னது.

✦ பெட்டிச் செய்தி: டாக்டர் கணக்கும் இன்ஷூரன்ஸ் கணக்கும்

உயரம் 165 செ.மீ. உள்ள ஒருவர் என்று வைத்துக்கொள்வோம்.

• இந்தியர்களுக்கு அறுவை செய்ய மருத்துவர்கள் நீண்டகாலமாகப் பின்பற்றும் வரம்பு: பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 37.5 (சுமார் 102 கிலோ). சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய்கள் இருந்தால் 32.5 (சுமார் 88 கிலோ).
• 2022-ல் சர்வதேச அமைப்புகள் திருத்திய பரிந்துரை: 35-க்கு மேல் நோய் இல்லாவிட்டாலும் செய்யலாம், ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே பரிசீலிக்கலாம்.
• காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019 விதி: பி.எம்.ஐ. 40 (சுமார் 109 கிலோ). அல்லது 35-க்கு மேல் (சுமார் 95 கிலோ) இருந்து, கூடவே இதய நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா, கட்டுக்கடங்காத சர்க்கரை போன்றவை இருக்கவேண்டும். மற்ற முயற்சிகள் பலிக்காமல் போயிருக்கவேண்டும். வயது 18 நிறைந்திருக்கவேண்டும்.

90 கிலோவில் சர்க்கரையோடு போராடும் ஒருவருக்கு டாக்டர் ‘செய்யலாம்’ என்பார். இன்ஷூரன்ஸ் கம்பெனி ‘முடியாது’ என்னும். இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வருகின்றன என்பதால்தான் மருத்துவர்கள் வரம்பைக் கீழே இறக்கினார்கள். காப்பீட்டு விதி மேலைநாட்டு எண்ணிலேயே நிற்கிறது. பலன், பல லட்சம் ரூபாய் கைக்காசு. நகையை அடகு வைத்தோ, பெர்சனல் லோன் எடுத்தோ வரும் குடும்பம், ‘பேக்கேஜ்’ எங்கே குறைவு என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விசாரிக்கிறது.

அந்த பேக்கேஜில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பிரித்துக் கேட்பது அவசியம். துளை அறுவையின் செலவில் பெரும்பங்கு ஸ்டேப்ளர் கேட்ரிட்ஜ்களுக்குப் போகிறது. ஒரு ஸ்லீவுக்கு ஐந்தாறு கேட்ரிட்ஜ் தேவைப்படலாம். எந்தக் கம்பெனி, எத்தனை, பில்லில் தனியாக வருமா? சிக்கல் வந்து ஐ.சி.யூ.வில் பத்து நாள் இருக்க நேர்ந்தால் அந்தச் செலவு யாருடையது? கையெழுத்துக்கு முன்பே இதைப் பேசிவிட வேண்டும். ஓப்பனில் செலவு குறையும் என்ற எண்ணமும் உண்டு. ஆபரேஷன் கட்டணத்தில் அது குறையலாம். கூடுதல் படுக்கை நாள்கள், சீழ், பின்னால் வரும் ஹெர்னியா ஆபரேஷன் எல்லாவற்றையும் சேர்த்தால் அந்த லாபம் நிற்காது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு

துளையின் பெரிய வசதியே அதன் பெரிய கண்ணியும்கூட. மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். கரீம்நகரிலிருந்தோ நிஜாமாபாதிலிருந்தோ வந்தவர் பஸ் ஏறிவிடுவார். சென்னைக்காரர் ரயில் ஏறிவிடுவார். வெளியே நாலு பிளாஸ்திரி. உள்ளே ஓர் அடிக்கு நெருக்கமான தையல் வரிசை. அந்த வரிசையில், பெரும்பாலும் உணவுக்குழாய் சேரும் மேல்முனையில், கசிவு ஏற்படலாம். நூற்றில் ஓரிருவருக்கு நேர்வது. பலருக்கு அது தெரியவருவதே வீட்டுக்குப் போன பிறகுதான்.

பருமனான வயிற்றில் கசிவின் வழக்கமான அடையாளங்கள் மறைந்துபோகும். அழுத்திப் பார்த்தால் இறுக்கம் தெரியாது. முதலில் காட்டிக்கொடுப்பது நாடி. ஓய்வில் இருக்கும்போதே நிமிடத்துக்கு 120-ஐத் தொட்டு நின்றால், கூடவே காய்ச்சல், இடது தோள்பட்டை வலி, இனம்புரியாத பதற்றம் இருந்தால், ‘கேஸ் ட்ரபுள்’ என்று சோடா குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. அறுவை செய்த மருத்துவமனைக்கு அந்த நேரமே பேசவேண்டும். அக்கம்பக்கத்து கிளினிக்கில் காட்டினால், இரைப்பையில் அறுவை ஆனதை முதல் வாக்கியத்திலேயே சொல்லவேண்டும். பலர் சொல்வதில்லை. கூச்சம். எடை குறைக்க ஆபரேஷன் செய்தேன் என்று சொந்தக்காரர்களிடம் மறைத்தவர்கள், டாக்டரிடமும் மறைத்துவிடுகிறார்கள்.

அடுத்த கண்டம் வாந்தி. முதல் சில வாரங்களில் விடாமல் வாந்தி எடுப்பவருக்குத் தயமின் என்ற வைட்டமின் பி1 வேகமாகத் தீர்ந்துபோகும். உடலில் அதன் சேமிப்பு சில வாரங்களுக்குத்தான் வரும். கால் மரத்து, நடை தள்ளாடி, கண் இரட்டையாகத் தெரிந்து, நினைவு குழம்பும். தீட்டிய அரிசியைத் தின்று நம் முன்னோர் அவதிப்பட்ட அதே பெரிபெரி. அந்த நோயை ஆராய 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய சின்ன ஆய்வகம்தான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாதுக்கு இடம்பெயர்ந்து, இன்று தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. பட்டினி தேசத்தின் நோயாக நாம் மறந்துவிட்ட ஒன்று, பருமனுக்கான அறுவையின் பின்வாசல் வழியே திரும்பி வருகிறது. வாந்தி நிற்காதவருக்குக் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் ஊசி போடவேண்டும். வரிசை மாறினால் மூளைக்கே ஆபத்து.

அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க ஒரு கணக்கு. இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி. நாளுக்கு 60 கிராம் புரதம். சோறும் குழம்பும் ரசமுமாகச் சாப்பிட்டுப் பழகிய, முட்டைகூடத் தொடாத ஒருவருக்கு, கைப்பிடி அளவே கொள்ளும் இரைப்பையில் அதை எட்டுவது லேசல்ல. எடை வேகமாக இறங்கும் மாதங்களில் பித்தப்பையில் கல் சேரலாம். முடி கொத்தாக உதிரலாம், பெரும்பாலும் திரும்ப வளரும். பெண்கள் ஒன்று, ஒன்றரை வருடம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு சட்டென்று கூடும் என்பதால், திருமணமான இளம்பெண்களுக்கு இதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தந்தால் மட்டும் போதாது, உட்காரவைத்துப் பேசவேண்டும். கணவரையும் மாமியாரையும் வைத்துக்கொண்டு பேசினால் இன்னும் நல்லது.

இத்தனையும் துளையில் செய்தவருக்கும் உண்டு, திறந்து செய்தவருக்கும் உண்டு. ‘துளைதானே’ என்று இரண்டாம் வருடத்தோடு ரத்தப் பரிசோதனையை நிறுத்திவிடுபவர்கள்தான், ஐந்தாம் வருடம் ரத்தசோகையோடும் எலும்பு வலியோடும் வந்து நிற்கிறார்கள்.

கத்திக்கு முன்னால் ஊசி

2025-ல் எடைக் குறைப்புச் சந்தையின் முகம் மாறியது. மார்ச்சில் ‘மௌன்ஜாரோ’, ஜூனில் ‘வெகோவி’ என எடையைக் குறைக்கும் ஊசிகள் இந்தியாவுக்கு வந்தன. வெகோவியின் மூலமருந்தான செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். அதே மருந்தை மலிவு விலையில் தயாரிக்கக் களமிறங்கிய நிறுவனங்களில் ஹைதராபாதின் டாக்டர் ரெட்டீஸும் ஒன்று. வயிற்றில் துளையே இல்லாமல், வாய்வழி எண்டோஸ்கோப்பியிலேயே இரைப்பையைச் சுருக்கித் தைக்கும் முறையும் நகரத்தின் பெரிய குடலியல் மையங்களின் பேச்சில் இருக்கிறது. கடுமையான பருமன் உள்ளவர்களுக்கு நீண்டகாலப் பலனில் அறுவையின் கை இன்னும் ஓங்கியே இருக்கிறது. ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. ஆனாலும், அறுவை வரை போகாமலேயே பலருக்கு இனி வேலை முடியலாம்.

ஊசி போட்டுப் பார்த்து, பலன் போதாமல் அறுவைக்கு வருகிறவர்கள் ஒரு விஷயத்தை மறக்காமல் சொல்லவேண்டும். இந்த மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். இரவு பத்து மணியோடு சாப்பாட்டை நிறுத்தினாலும் காலையில் வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம். மயக்கம் ஏறும் நிமிடத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே உலை. அமெரிக்க மயக்க மருந்தியல் சங்கம் 2023-லேயே இதைப் பற்றி எச்சரித்து, வாராந்தர ஊசியை அறுவைக்கு ஒரு வாரம் முன்பு நிறுத்தச் சொன்னது. இப்போது யாருக்கு எத்தனை நாள் நிறுத்துவது, யாருக்குத் திரவ உணவு மட்டும் கொடுப்பது என்பதை ஆளைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். கடைசி ஊசி எந்தத் தேதியில், எவ்வளவு மில்லிகிராம் என்பதை எழுதிக்கொண்டு போய், அறுவைக்கு முந்தைய பரிசோதனையிலேயே மயக்க மருந்து நிபுணரிடம் காட்டிவிட வேண்டும். ஜிம் பயிற்சியாளரோ நண்பரோ வாங்கித் தந்த ஊசியாக இருந்தாலும் சரி.